பதினோரு வட்டங்கள்

ஜனவரி 9

நாத்தனாருக்கு,

மேலே ‘அன்புள்ள’ என்று எழுதினேன். அடித்தேன். அடித்தது அசிங்கமாகத் தெரிந்ததால் புதுத் தாள் எடுத்து, அந்தச் சொல் இல்லாமலே ஆரம்பிக்கிறேன்.

போனில் பேசிவிடலாமே என்று உன் அண்ணன் சொன்னார். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் வைத்துவிடுவேன். கடிதத்தில் ஒருத்தி முடிக்கும்வரை இன்னொருத்தி வாயை மூடிக்கொண்டு இருந்தாக வேண்டும். எனக்கு அதுதான் வேண்டும்.

செப்டம்பரில் நடந்ததை நான் மறக்கவில்லை. எங்கள் பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வரங்கம். பத்து வருடமாக நான் கட்டிக்கொண்டு அழுத, சொத்தையைத் தடுக்கும் பல் பூச்சைப் பற்றி முதல் தடவையாக மேடையில் பேசுகிறேன். விருந்தாளியாக வந்த நீ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். ‘நானூற்றுப் பன்னிரண்டு பற்கள்’ என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள் கையைத் தூக்கினாய். “நானூத்திப் பன்னிரண்டு பல்லா, நூத்தி மூணு குழந்தையா? நீங்க எதை எண்ணறீங்க?” அரங்கமே சிரித்தது. புள்ளியியல் பேராசிரியை நீ, உனக்கு அது ஒரு கேள்வி. எனக்கு மூக்குடைந்தது. அதுவும் வீட்டு ஆள் கையால்.

நாலு மாதம் கழித்து எழுதுவதற்குக் காரணம் பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆய்விதழுக்கு அனுப்பிய என் கட்டுரை நேற்றுத் திரும்பி வந்தது. பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் உன் கேள்வியையே கேட்டிருக்கிறார். நீதானோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். “அவ இவ்வளவு மரியாதையா எழுத மாட்டா” என்று சொல்லி உன் அண்ணன் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தார்.

சுகாதாரத் துறை ஜூனில் கூடுகிறது. தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு இந்தப் பூச்சைப் போடலாமா என்று அன்று முடிவு செய்வார்கள். அவர்கள் மேசையில் இருப்பது என் ஆய்வு ஒன்றுதான். அது நின்றால் பூச்சு பள்ளிக்குப் போகும். விழுந்தால் கோப்பை மூடிவிடுவார்கள். நான் ஓய்வு பெறுவதற்குள் அது இன்னொரு தடவை திறக்காது.

எங்கள் கல்லூரியில் புள்ளியியல் என்றால் ஒரு கணினி. எண்களைப் போட்டுப் பொத்தானை அழுத்துவோம். 0.05க்குக் கீழே வந்தால் எல்லோருக்கும் டீ, மேலே வந்தால் துக்க வீடு. எனக்கு 0.012 வந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது, கேட்பதற்கும் வேறு ஆள் இல்லை.

சரியாகச் செய்து தருவாயா? முடியாது என்றால் ஒரு வரி எழுதிப் போடு, போதும்.

உன் அண்ணி


ஜனவரி 17

அன்புள்ள அண்ணி,

இந்த ‘அன்புள்ள’வை நான் யோசிக்கவே இல்லை, கை தானாக எழுதிவிட்டது.

கேட்ட கேள்விக்கு மன்னிப்பு கேட்க மாட்டேன். கேட்ட விதத்துக்குக் கேட்கிறேன். மேடையில் காட்டப்போகும் படங்களை நீங்கள் முந்தின நாளே எனக்குக் காட்டினீர்கள். காலையில் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இந்த நாலு மாதமாக யோசித்தேன். அத்தனை பல் டாக்டர்கள் நடுவில் நான் ஒருத்தி கெட்டிக்காரி என்று காட்டிக்கொள்ள ஆசை. வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

கேள்வி இதுதான், அண்ணி. நீங்கள் ஒவ்வொரு குழந்தையின் வாயிலும் நாலு கடைவாய்ப் பற்களைப் பார்த்தீர்கள். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. ஒரே வாயில் இருக்கும் நாலு பல்லும் ஒரே வீட்டில் வளரும் நாலு பிள்ளைகள் மாதிரி. ஒரே மிட்டாய், ஒரே எச்சில், பல் துலக்குவதும் ஒரே சோம்பேறிக் கை. ஒரு வீட்டில் நாலு பேரைக் கேட்டுவிட்டு நாலு வீட்டில் விசாரித்ததாக எழுதக் கூடாது. உங்கள் கணினிக்கு அது தெரியாது. அது பல்லை மட்டும் எண்ணும்.

செய்து தருகிறேன். ஆனால் கணினியில் ஏற்றிய கோப்பு வேண்டாம், நோட்டுப் புத்தகங்களையே அனுப்புங்கள். கோப்பில் எண் மட்டும்தான் இருக்கும். நோட்டில் தயங்கியது, அடித்து எழுதியது, டீ சிந்தியது எல்லாம் இருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து நூற்று மூன்று குழந்தைகளும் திரும்பி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒருத்தர்கூடக் குறையவில்லை. எங்கள் துறையில் சொன்னால் கதை விடாதே என்பார்கள். எப்படி அண்ணி?

அண்ணனிடம் சொல்லுங்கள், நான் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 30

அன்புள்ள நாத்தனாருக்கு,

ஐந்து நோட்டுகளும் தனிப் பார்சலில் வருகின்றன. பத்திரம். நகைப் பெட்டியை அனுப்பும்போதுகூட எனக்கு இவ்வளவு பதற்றம் இருக்காது.

குழந்தைகள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று கேட்டாய். வரவில்லை, நாங்கள்தான் போனோம். மூன்று குடும்பங்கள் வேறு ஊருக்குக் குடி போய்விட்டன. பேருந்தில் போய், கதவைத் தட்டி, வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துவிட்டு வந்தோம். ஒரு பையன் எங்களைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். அவனை மைனாதான் வெளியே வரவழைத்தாள்.

மைனா எங்கள் துறையின் உதவியாளர். நான் சொல்லும் எண்ணை அவள் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவாள். ‘பூஜ்யம்’ என்றால் ‘பூஜ்யம்’, ‘ஒன்று’ என்றால் ‘ஒன்று’. காதில் விழுந்தது சரிதானா என்று பார்க்க அவளே கண்டுபிடித்த வழி. இருபது வருடமாக அப்படித்தான். அவளுடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

நீ கேட்பாய் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியின் ஓவிய அறையில் பார்த்தோம். ஜன்னல் ஒன்றுதான், நாற்காலியை அதன் பக்கம் திருப்பிப் போட்டோம். குழந்தையின் வலப்பக்கம் நான், இடப்பக்கம் மைனா, நோட்டோடு ஒட்டி நிற்பாள். குழந்தை கையில் ஒரு கண்ணாடி கொடுப்போம். தன் வாயைத் தானே பார்த்துக்கொண்டிருந்தால் பயம் போய்விடும். பூச்சு ஒரு பக்கத்துப் பற்களுக்கு மட்டும்தான், ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கத்தை வெறுமனே விட்டோம். பூச்சு போட்டது நான். இரண்டு வருடம் கழித்துச் சொத்தையை எண்ணியது நான் இல்லை. எந்தப் பக்கம் பூச்சு என்று தெரியாத வேறு கல்லூரி டாக்டர், வெளியூர்களுக்கும் எங்களோடு வந்தார்.

எந்தப் பக்கம் பூச வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு குழந்தைக்கும் நாணயம் சுண்ட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. முதல் நாள் சுண்டினேன். ஆறு குழந்தைகளில் இரண்டு பேருக்குப் பக்கம் மாற்றிப் பூசிவிட்டேன். நாணயம் ஒன்று சொல்ல, கை ஒன்று செய்தது. அந்த ஆறு பேரையும் ஆய்விலிருந்து விலக்கினேன், நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். மறுநாளிலிருந்து குழப்பமே இல்லாமல் எல்லோருக்கும் இடப்பக்கம்தான். அதன் பிறகு ஒரு தவறுகூட நடக்கவில்லை. அந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

எது வந்தாலும் சுற்றி வளைக்காமல் சொல்.

அண்ணி


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணி,

நல்ல செய்தி முதலில். உங்கள் விடை நிற்கிறது.

பல்லை விட்டுவிட்டுக் குழந்தையை எண்ணினேன். ஒவ்வொரு வாயிலும் பூச்சு போட்ட பக்கத்தை அதே வாயின் போடாத பக்கத்தோடு ஒப்பிட்டேன். பூச்சு போட்ட பக்கம் மொத்தம் நாற்பது புதுச் சொத்தைகள், போடாத பக்கம் அறுபத்திரண்டு. சரியாகக் கணக்குப் போட்டால் இந்த வித்தியாசம் கரைந்துவிடும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கரையவில்லை. நான் அரங்கத்தில் கேட்டது நியாயமான கேள்வி, ஆனால் அதனால் எதுவும் மாறவில்லை. நாலு மாதம் நாம் வெட்டியாகச் சண்டை போட்டிருக்கிறோம். மதிப்பீட்டாளருக்கான பதிலை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதை அனுப்பினால் கட்டுரை வந்துவிடும்.

உங்கள் நோட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எண்ணிய டாக்டரிடம் பத்துக் குழந்தைகளை ஒரு வாரம் கழித்து மறுபடி அனுப்பி, அவர் முதலில் சொன்னதையே சொல்கிறாரா என்று பார்த்திருக்கிறீர்கள். நாற்பது பல்லில் முப்பத்தெட்டு அதே விடை. பொருந்தாத இரண்டையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறீர்கள். தான் சொதப்பியதை இவ்வளவு தெளிவான கையெழுத்தில் எழுதி வைத்த ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்த ஆறு பேரைப் பற்றி எழுதிய பக்கத்தை என் மாணவர்களுக்குக் காட்டினேன்.

இரண்டாவது செய்தியை எழுதக் கை வரவில்லை. ஆனால் சுற்றி வளைக்காதே என்று சொல்லிவிட்டீர்கள்.

எல்லோருக்கும் இடப்பக்கம். இந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நேற்றுக் காலை பல் துலக்கும்போது கண்ணாடியில் என் கையைப் பார்த்தேன். வலது கையில் பிரஷ். இடது கன்னத்துக்குள் அது சுகமாகப் போய் வருகிறது. வலது பக்கம் வந்ததும் மணிக்கட்டு மடங்குகிறது, அவசரமாக இரண்டு தேய் தேய்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறேன். குழந்தைகளும் இப்படித்தான் என்றால், பூச்சே போடாவிட்டாலும் இடப்பக்கம் சொத்தை குறைவாகத்தான் இருக்கும். நீங்கள் அளந்தது பூச்சையா, கையையா?

இதைச் சோதிக்க ஒரே வழி, இடது கைப் பழக்கம் உள்ள குழந்தைகளைத் தனியாகப் பார்ப்பது. யார் எந்தக் கை என்று நோட்டில் எங்கும் இல்லை. ஆனால் பதினோரு பக்கங்களில், மேல் மூலையில், பென்சிலால் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. மற்றதெல்லாம் பேனா, அதற்கு விளக்கமும் எங்கும் இல்லை. அது என்ன வட்டம் அண்ணி?

அந்தப் பதினோரு பக்கங்களை நான் இன்னும் தனியாகக் கூட்டிப் பார்க்கவில்லை. வட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் பார்ப்பேன். எண்ணைப் பார்த்துவிட்டால் எனக்கு வேண்டிய அர்த்தத்தை நானே கொடுத்துவிடுவேன். சண்டைக்கு முன்னால் நீங்கள் என்னைக் கூப்பிட்ட பெயரிலேயே கையெழுத்துப் போடுகிறேன்.

வாலு


மார்ச் 2

நாத்தனாருக்கு,

கையில் கொடுத்துவிட்டுப் பிடுங்குவதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை.

முதல் பக்கத்தைப் படித்துவிட்டு உன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் இரண்டாவது பக்கத்தைப் படித்துவிட்டேன். “என்ன?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, அவர் நேரே கண்ணாடி முன்னால் போய் நின்று வெறும் பிரஷை வாயில் விட்டு ஆட்டிப் பார்த்தார். அவர்மேலும் கோபம் வந்தது.

முப்பது வருடமாக வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவள் நான். எனக்குத் தெரியாத கையா? ஆறு வயதுப் பிள்ளைகள் பாதி நாள் பல்லே துலக்குவதில்லை. மதிப்பீட்டாளர் கேட்டதற்கு நீ பதில் எழுதிக் கொடுத்துவிட்டாய். அவர் கையைப் பற்றிக் கேட்கவில்லை. ஜூனில் துறையும் கேட்கப்போவதில்லை. உலகத்தில் இதைக் கேட்கிறவள் நீ ஒருத்திதான், அதுவும் என் புருஷனோடு கூடப் பிறந்தவளாக வந்து சேர வேண்டுமா?

வட்டம் என்னவென்று எனக்குத் தெரியாது. மைனாவைக் கேட்கவும் போவதில்லை.

அண்ணி


மார்ச் 6

வாலு,

கேட்டுவிட்டேன்.

மூன்று நாள் கேட்காமல் இருந்தேன். அந்த மூன்று நாளும் நோயாளிகள் பிரஷ் பிடிக்கும் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல் துலக்குவது எப்படி என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பில், பிளாஸ்டிக் வாயை வைத்துக்கொண்டு, ‘வலது பக்கம் வரும்போது மணிக்கட்டு மடங்கும், அங்கேதான் எல்லோரும் ஏமாற்றுவார்கள், கவனியுங்கள்’ என்று நானே சொன்னேன். இருபது வருடமாக அதே வாக்கியத்தைச் சொல்கிறேன். சொல்லி முடித்ததும்தான் அது என் காதிலேயே விழுந்தது. இருமிச் சமாளித்தேன்.

நேராகக் கருவிகள் கழுவும் அறைக்குப் போனேன். மைனா கையுறையோடு நின்றாள். ஓவிய அறையில் மூலையில் வட்டம் போட்டாயே, எதற்கு என்றேன். திட்டப்போகிறேன் என்று நினைத்துவிட்டாள். “இடது கைப் பிள்ளைங்க டாக்டர். கண்ணாடிய அந்தக் கையில பிடிச்சா முழங்கை என் பேனாவைத் தட்டிவிடுது. ரெண்டு தடவை கோடு கிழிஞ்சுபோச்சு. அடுத்த தடவை வரும்போது நான் ஒரு அடி தள்ளி நிக்கணும்னு ஞாபகத்துக்குப் போட்டு வெச்சேன். தப்புங்களா?”

தப்பில்லை என்றேன். அந்த ஐந்து நோட்டுகளில் இருப்பதிலேயே முக்கியமான விஷயம் அதுதான் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

ஆக, அந்தப் பதினோரு பேரும் இடது கைக் குழந்தைகள். நோட்டுகள் உன்னிடம் இருக்கின்றன, எண் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிவதற்கு முன்னால் எழுதிவைக்கிறேன். பூச்சுதான் வேலை செய்தது என்றால், அந்தப் பதினோரு பேருக்கும் இடப்பக்கம் சொத்தை குறைவாக இருக்க வேண்டும். கைதான் வேலை செய்தது என்றால், அவர்களுக்கு வலப்பக்கம் குறைவாக இருக்கும். வலப்பக்கம் குறைந்தால் நான் சாக்குச் சொல்ல மாட்டேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தேதியும் போட்டிருக்கிறேன். உன் அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கல்யாணப் பதிவுக்குப் பிறகு இப்போதுதான் இவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறார்.

மார்ச் 2 கடிதத்தைக் கிழித்துப் போடு.

அண்ணி


மார்ச் 19

அன்புள்ள அண்ணி,

கூட்டிவிட்டேன். மூன்று தடவை கூட்டினேன்.

வட்டம் இல்லாத தொண்ணூற்றிரண்டு குழந்தைகள்: பூச்சு போட்ட இடப்பக்கம் முப்பத்தொன்று, போடாத வலப்பக்கம் ஐம்பத்தெட்டு. வட்டம் போட்ட பதினோரு குழந்தைகள்: பூச்சு போட்ட இடப்பக்கம் ஒன்பது, போடாத வலப்பக்கம் நாலு.

தலைகீழ்.

இதற்கு என்ன அர்த்தம், என்ன அர்த்தம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். கையின் பங்கையும் பூச்சின் பங்கையும் பிரித்துப் பார்த்தால், பூச்சின் பங்கு சைபருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆனால் பதினோரு பேரை வைத்துக்கொண்டு சொல்வதால் அந்தச் சைபரையும் நம்ப முடியாது. சந்தேகப்பட அவர்கள் போதும், தீர்ப்புச் சொல்லப் போதாது. பூச்சு நல்லது என்றும் சொல்ல முடியாது, வீண் என்றும் சொல்ல முடியாது. தெரியாது என்பதுதான் இன்றைய விடை.

ஒன்று சொல்கிறேன். மதிப்பீட்டாளருக்கு நான் எழுதிய பதிலில் பொய் ஒன்றும் இல்லை. அதை மட்டும் அனுப்பினால் கட்டுரை வந்துவிடும், ஜூனில் துறையும் ஒப்புக்கொள்ளும். பூச்சினால் குழந்தைகளுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். இது உங்கள் பத்து வருடம். என்ன செய்தாலும் நான் கடைசி வரிசையிலிருந்து கை தூக்க மாட்டேன்.

மார்ச் 2 கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதற்கு அடுத்து மார்ச் 6 கடிதத்தை வைத்துத் தைத்து வைத்திருக்கிறேன். அந்த மூன்று நாளைத் தாண்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அண்ணி. அதனால் அந்த இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் எனக்குப் பெருமை.

வாலு


ஏப்ரல் 8

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமை படித்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அலமாரிகளை ஒழித்துச் சுத்தம் செய்தேன். தேவையே இல்லாத வேலை. திங்கட்கிழமை துறைத் தலைவரிடம் போனேன்.

அவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “பதினோரு பேர்தானே டாக்டர்? அனுப்பிடுங்க. கையைப் பத்தி யாரு கேக்கப்போறாங்க?” என்றார். நான் மார்ச் 2ஆம் தேதி உனக்கு எழுதிய அதே வாக்கியம். இன்னொருவர் வாயிலிருந்து வரும்போதுதான் அது எவ்வளவு மட்டமாக இருக்கிறது என்று தெரிந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். சுகாதாரத் துறைக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன், பதினோரு பேரையும் சேர்த்து. போன வியாழக்கிழமை அதே அரங்கத்தில், அதே மேடையில், அதே படங்களைப் போட்டேன். கடைசியில் மட்டும் ஒரு புதுப் படம். மைனா போட்ட பென்சில் வட்டத்தைப் பெரிதாக்கிச் சுவர் முழுக்கக் காட்டினேன். ஆளுக்கு ஆயிரக்கணக்கில் வாய் பார்த்தவர்கள் நிறைந்த அரங்கம் அது. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் தன் கையை எடுத்துப் பார்த்துக்கொண்டார். மைனாவை எழுந்து நிற்கச் சொன்னேன். அவள் எழவில்லை, நாற்காலிக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துவிட்டாள். கைதட்டல் ஓயும்வரை தேடினாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? பத்து வருடம், வாலு. பேருந்தில் போனது, கட்டிலுக்கு அடியில் இருந்தவனைக் கூப்பிட்டது, எல்லாம் ‘தெரியாது’ என்று ஒரு சொல்லுக்காகவா? உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, “தெரியாதுன்னு இவ்வளவு விவரமாத் தெரிஞ்சவங்க வேற யாரு இருக்காங்க?” என்றார். ஆறுதல் சொல்கிறாரா, கிண்டல் செய்கிறாரா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஜூனில் கோப்பை மூடிவிடுவார்கள். பரவாயில்லை என்று எழுத மாட்டேன். வலிக்கிறது.

அண்ணி


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணி,

அண்ணன் ஆறுதல்தான் சொன்னார். அவர் கிண்டல் செய்தால் நமக்குப் புரியும்படி செய்யத் தெரியாது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் பழைய கட்டுரை ஒன்றை எடுத்தேன். ஏழு வருடத்துக்கு முந்தையது. அதில் ஒரு இடம் எனக்கு எப்போதும் உறுத்தும். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நேற்று அந்த ஆய்விதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன். நீங்கள் அந்த மேடையில் ஏறாமல் இருந்திருந்தால் நான் இதைச் செய்திருக்க மாட்டேன். ஊரெல்லாம் கேள்வி கேட்கிற எனக்கு, என்னை நான் கேட்டுக்கொள்ளும் தைரியம் உங்களிடமிருந்துதான் வந்தது.

நான் எண்களோடு இருப்பவள். நல்ல எண் எங்கிருந்து வருகிறது என்று இத்தனை நாள் யோசித்ததில்லை. எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுகிற ஒருத்தி வேண்டும், தன் தப்பை மறைக்காமல் எழுதிவைக்கிற ஒருத்தி வேண்டும். அவர்கள் இல்லை என்றால் என் படிப்பு ஒன்றுக்கும் உதவாது. உங்கள் ஆய்வு தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். உங்கள் நோட்டு அவ்வளவு சுத்தமாக இருந்ததால்தான் அதன் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க முடிந்தது. கிறுக்கி வைத்திருந்தால் அது இன்றைக்கும் ஜெயித்த ஆய்வுதான்.

ஒரு வாரமாக இடது கையால் பல் துலக்கிப் பார்க்கிறேன். ஈறு முழுக்க ரணம். ஒரு பல் டாக்டரைப் பார்க்க வேண்டும், தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வாலு


ஜூன் 27

அன்புள்ள வாலு,

இடது கையால் துலக்குவதை நிறுத்து. உப்புத் தண்ணீரில் கொப்பளி. வந்தால் பார்க்கிறேன், திட்டிக்கொண்டேதான் பார்ப்பேன்.

கூட்டம் இந்த மாதத் தொடக்கத்திலேயே முடிந்தது, எல்லாம் தயாரானதும் எழுதலாம் என்று காத்திருந்தேன். பூச்சை எல்லாப் பள்ளிகளுக்கும் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சரியான முடிவு, நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். தலையைக் குனிந்துகொண்டு கோப்பு மூடுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது கேட்கவில்லை. தலைமை அதிகாரி அம்மா என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “தனக்கு எதிரான பதினோரு பேரையும் எழுதி அனுப்பினவங்க நீங்க. அடுத்த ஆய்வையும் நீங்களே பண்ணுங்க. எந்த விடை வந்தாலும் நாங்க நம்புவோம்.”

ஆயிரத்து இருநூறு குழந்தைகள், வாலு. பன்னிரண்டு பள்ளிகள். படிவத்தின் முதல் வரியே ‘எந்தக் கை?’ என்பதுதான். பக்கத்தில் ஒரு வட்டம் அச்சடித்திருக்கிறோம். கட்டுரை வரும்போது அதில் மூன்று பெயர்கள் இருக்கும். மூன்றாவது, சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்த அந்தப் பெயர். அவளிடம் சொன்னபோது, “என் பேரு” என்று ஒரு தடவை திருப்பிச் சொன்னாள். பிறகுதான் நம்பினாள்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. இந்தத் தடவை எந்தக் குழந்தைக்கு எந்தப் பக்கம் என்று நாணயம் சுண்டிப் போட்டு முடிவு செய்ய வேண்டும், அந்தப் பட்டியல் எங்கள் யார் கண்ணிலும் படக் கூடாது. பூச்சு ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் பொய். ஆசை என்னிடம் இருக்கும்போது பட்டியலும் என்னிடம் இருக்கக் கூடாது. அது உன்னிடம் இருக்கட்டும். ஒவ்வொரு குழந்தையும் நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் உனக்குப் போன் செய்வேன். குழந்தையின் எண்ணைச் சொல்வேன். நீ ‘இடது’ அல்லது ‘வலது’ என்று சொல்ல வேண்டும். நான் அதைச் சத்தமாகச் சொல்வேன், மைனா திருப்பிச் சொல்லிவிட்டு எழுதிக்கொள்வாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு முதல் குழந்தை. ஆக மொத்தம் ஆயிரத்து இருநூறு தடவை போன் அடிப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு சொல். குறுக்கே பேசாதே. நானும் வைக்க மாட்டேன்.

உன் அண்ணி